சக்கரம் பெரிதானால் அச்சு தாங்குமா?

சாலையோரம் நிற்கும் லாரியின் பின்சக்கரத்தை எப்போதாவது உற்று நோக்கியிருக்கிறீர்களா? கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் ஒரு பகுதி சக்கரத்தின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும். அதன் முகப்பில் வட்டமாகப் பல போல்ட்டுகள் முடுக்கப்பட்டிருக்கும். காரின் பின்சக்கரத்தில் இந்த அமைப்பைக் காண்பது அரிது. சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாட்டில் ஓர் உயிர் காக்கும் உண்மை அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் பாறைகளின்மேல் ஜீப் ஓட்டிப் பழகியவர்களில் பலர், தங்கள் வண்டியின் அச்சைக் கழற்றிவிட்டுப் பெரிய வண்டியின் அச்சைப் பொருத்திக்கொள்கிறார்கள். அதன் காரணத்தை அறிந்தால் இந்த உண்மையும் விளங்கிவிடும்.

பாறையே பாதை

கலிபோர்னியா மாநிலத்தின் சியரா நெவாடா மலைத்தொடரில் ரூபிகான் என்றொரு வழி இருக்கிறது. வழி என்பது பெயரளவில்தான். பல இடங்களில் பெரும் பாறைகளின்மேல் ஏறி இறங்க வேண்டும். இவ்வழியே 1953ஆம் ஆண்டு ஜீப் உரிமையாளர்கள் கூட்டமாகப் பயணம் செய்தனர். யூட்டா மாநிலத்து மோவாப் நகரில் 1967ஆம் ஆண்டு இது போன்ற மற்றொரு பயணம் தொடங்கியது. இரண்டும் பின்னர் ஆண்டுதோறும் நடைபெறும் விழாக்களாயின.

இத்தகைய இடத்தில் வண்டியின் அடிப்பாகம் பாறையில் இடிக்கக் கூடாது. அதற்கு எளிய வழி பெரிய டயர். 29 அங்குல விட்டமுள்ள டயருக்குப் பதிலாக 37 அங்குல டயரைப் பொருத்தினால், விட்டத்தில் கூடிய 8 அங்குலத்தில் பாதி, அதாவது 4 அங்குலம், அச்சு உயர்ந்துவிடும். ஆனால் தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது.

அச்சை முறிப்பது எஞ்சினா, நிலமா?

எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருவதாக வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை 4 மடங்காக்குகிறது. கரடுமுரடான நிலத்துக்கென உள்ள துணைக் கியர்ப்பெட்டி மேலும் 2.7 மடங்காக்குகிறது. அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரங்கள் இன்னும் 3.73 மடங்கு பெருக்குகின்றன. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 12,000 நியூட்டன் மீட்டர்! இவ்வளவும் ஒரு சக்கரத்துக்குப் போகுமா? சாதாரணமாகப் போகாது. நிலத்தின் பிடிப்பை மீறினால் டயர் வழுக்கிச் சுழன்றுவிடும்.

ஒரு சக்கரத்தின்மேல் 600 கிலோகிராம் எடை இருக்கட்டும். காய்ந்த பாறையில் டயரின் பிடிப்பு விசை ஏறத்தாழ அந்த எடைக்குச் சமம், அதாவது 6,000 நியூட்டன் என்று கொள்ளலாம். இதனைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கினால், அச்சின்மேல் விழக்கூடிய முறுக்கு விசை கிடைக்கும். 29 அங்குல டயரின் ஆரம் 0.37 மீட்டர்; முறுக்கு விசை 2,220. 37 அங்குல டயரின் ஆரம் 0.47 மீட்டர், முறுக்கு விசை 2,820. எஞ்சினை யாரும் தொடவில்லை. டயரை மாற்றியதாலேயே அச்சின்மேல் விழக்கூடிய சுமை கால் பங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.

டயர் இரு பாறைகளுக்கு இடையே சிக்கிக்கொண்டாலோ இந்த எல்லையும் இல்லை. வழுக்க இடமில்லாததால் முறுக்கு முழுவதையும் அச்சே தாங்க வேண்டும். காற்றில் வேகமாகச் சுழலும் சக்கரம் திடீரெனப் பாறையைப் பற்றும்போது ஏற்படும் அதிர்ச்சி இதைவிடக் கொடியது. அச்சுகள் பெரும்பாலும் இப்படித்தான் முறிகின்றன.

பூட்டினால் வரும் சுமை

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இதற்கு இடமளிப்பது டிபரன்ஷியல். அது இரு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்கு விசையையே தரும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்ற மிகச் சிறு விசையே போதும். மறு சக்கரத்துக்கும் அந்தச் சிறு விசைதான் கிடைக்கும். வண்டி நகராது.

ஆகவே இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும்படி டிபரன்ஷியலைப் பூட்டும் அமைப்பைப் பொருத்துகிறார்கள். வண்டி நகர்கிறது. ஆனால் இதுவரை பாதியாகப் பிரிந்து சென்ற விசை, இப்போது பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின் தண்டு வழியாகப் பாய்கிறது. முன்பைவிட வலிமையான தண்டு வேண்டும்.

சிறிது தடித்தால் பெரிது தாங்கும்

டேனா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் 44, 60 என்ற இருவகை அச்சுகள் இத்துறையில் பெயர் பெற்றவை. 44இன் பின்தண்டு பொதுவாக 1.31 அங்குலத் தடிப்புள்ளது. ஒரு டன் பிக்கப் வண்டிகளில் வரும் 60இன் வலிமையான தண்டு 1.5 அங்குலம். வேறுபாடு ஏழில் ஒரு பங்குதான். ஆனால் வலிமையோ ஒன்றரை மடங்கு!

இது எப்படி? தண்டு தடிக்கும்போது அதன் குறுக்குப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அத்துடன் இரும்பு மையத்திலிருந்து விலகி நிற்பதால், முறுக்கை எதிர்க்கும் நெம்புகோலின் நீளமும் கூடுகிறது. ஆகவே முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் கனத்துக்கு ஏற்ப உயர்கிறது. 1.5ஐ 1.31ஆல் வகுத்து, விடையை மும்முறை பெருக்கிப் பாருங்கள், 1.5 வரும்.

மாட்டு வண்டி கற்பிக்கும் பாடம்

தடிப்பு மட்டும் போதுமா? மாட்டு வண்டியை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அதன் இரும்பு அச்சு சுழல்வதில்லை; பாரத்தைத் தாங்கியபடி அசையாமல் இருக்கிறது. சக்கரம் மட்டுமே சுழல்கிறது. சக்கரம் கழன்று ஓடாமல் கடையாணி தடுக்கிறது.

பின்சக்கரத்தால் உந்தப்படும் சிறு வண்டிகளில் பெரும்பாலும் நிலைமை வேறு. அங்கே ஒரே தண்டு மூன்று வேலைகளைச் செய்கிறது: சக்கரத்தைச் சுழற்றுகிறது, பாரத்தைத் தாங்குகிறது, சக்கரம் கழலாமல் பிடித்தும் வைக்கிறது. இது அரை மிதவை அச்சு. இத்தண்டு முறிந்தால் வண்டி நிற்பதோடு போகாது. முறிந்த துண்டோடு சக்கரமே வெளியே வந்துவிடலாம். மலைச் சரிவில் இதன் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை.

லாரியில் இருப்பது முழு மிதவை அச்சு. பெரும்பாலான 60 வகைப் பின்னச்சுகளும் இவ்வகையே. இங்கே அச்சின் வெளிக்கூடு சக்கரத்தின் நடுப்பகுதிவரை நீண்டிருக்கிறது. அதன்மேல் இரண்டு பேரிங்குகளின் துணையால் சக்கரம் சுழல்கிறது. கூட்டின் முனையிலுள்ள நட்டு கடையாணியின் வேலையைச் செய்கிறது. உள்ளே செல்லும் தண்டுக்கு ஒரே வேலை, சுழற்றுவது. அதன் தலையைச் சக்கரத்தோடு இணைப்பவையே நீங்கள் கண்ட அந்தப் போல்ட்டுகள்! பழுதான லாரியை இழுத்துச் செல்லுமுன் மெக்கானிக் இத்தண்டை உருவி எடுப்பதுண்டு. அப்போதும் சக்கரம் அதன் இடத்திலேயே சுழல்கிறது அன்றோ? அதுபோலவே, பாறைவழியில் தண்டு முறிந்தாலும் முறிந்த துண்டுகளை எடுத்துவிட்டு, மற்ற சக்கரங்களின் உந்தலால் வீடு திரும்ப முடியும்.

அச்சோடு முடியவில்லை

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடுவதால் வண்டி இழுக்கத் திணறும். பழைய 3.73 என்ற கியர் விகிதத்தை 37/29ஆல் பெருக்கினால் 4.76 ஆகிறது. ஆகவே அதற்கு அண்மையிலுள்ள 4.88 விகிதப் பல்சக்கரங்களைப் பொருத்துவது வழக்கம்.

இதனினும் முக்கியமானது பிரேக். ஆரம் கூடியதால் அச்சின்மேல் முறுக்கு கூடியதைக் கண்டோம். அதே கணக்குப்படி, பழைய பிரேக் பெரிய டயரின் வழியே நிலத்தில் செலுத்தும் தடுப்பு விசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். தண்டைத் தடிப்பாக்கிப் பிரேக்கை மறந்தவர், பாறையில் தப்பி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்வார். தண்டு வலுத்தால் அடுத்து முறிவது பல்சக்கரமாகவோ, எஞ்சினிலிருந்து விசையைக் கொண்டுவரும் இணைப்பாகவோ இருக்கலாம். சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இதனால்தான் தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை, நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் மற்றவற்றைக் கணக்கிட்டே அமைக்கப்பட்டிருக்கிறது. டயரை மட்டும் பெரிதாக்கியவர் அந்தக் கணக்கு முழுவதையும் தாமே மீண்டும் போட்டாக வேண்டும்.

அடுத்த முறை லாரியின் பின்சக்கரத்தைக் காணும்போது அந்தப் போல்ட்டு வட்டத்தைப் பாருங்கள். பாரம் வேறு, சுழற்சி வேறு என்று பிரித்து வைத்த மாட்டு வண்டியின் பழைய அறிவு, அங்கே இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.