புழுக்கையை எண்ணுங்கள்

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வீட்டில் வளரும் பெண் முயலுக்குக் கருத்தடை அறுவை முடிந்து, முந்தின நாள் மாலை அழைத்து வந்திருக்கிறார்கள். தையல் சுத்தமாக இருக்கிறது, கசிவு இல்லை. ஆனால் வந்ததும் கூண்டின் மூலையில் போய் உட்கார்ந்ததுதான். இன்னும் ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை. “பாவம், அசதியாக இருக்கும், தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம். எங்கள் நாய்க்கும் இப்படித்தான் இருந்தது. சரிதானே சார்?” என்று கேட்டிருந்தார். சரியில்லை அம்மா, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள் என்று அப்போதே பதில் போட்டேன். ஏன் என்பதை இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்.

முதலில், இந்த அறுவை தேவைதானா? தேவைதான். குட்டி பெருகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். சினைக்காலம் 31 நாள்தான். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். பலருக்குத் தெரியாத காரணம் புற்றுநோய். கருப்பையை எடுக்காத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம். சில இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வருவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே அறுவை செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதுதான் என் கவலை.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை கால்நடை மருத்துவமனைகளில் மயக்க மருந்து பெற்ற பிராணிகளைக் கணக்கெடுத்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மயக்கத்தோடு தொடர்புடைய சாவு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம். நோயோடு வந்தவையும் இதில் சேர்த்தி. நல்ல உடம்போடு வந்த முயலுக்கு ஆபத்து இதைவிடக் குறைவுதான். என்னை நிமிர வைத்தது வேறொரு எண். இறந்த முயல்களில் 64 சதவீதம் அறுவை முடிந்து, மயக்கம் தெளியும் கட்டத்திலோ அதற்குப் பிறகோ செத்தவை. கத்தியை வைத்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்த பிறகும் முயல் சாகலாம் என்று இதற்குப் பொருள்.

முயலை எல்லோரும் சாது என்கிறோம். அது சாதுவல்ல, இரை. நரியும் பருந்தும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வலியைக் காட்டிக்கொண்ட முயலுக்குச் சந்ததி இருந்திருக்காது. அதனால்தான் வயிற்றைக் கிழித்துத் தைத்த பிறகும் முனகாமல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மௌனத்தைப் படிப்பதற்கென்றே 2012இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். கண் இடுங்கியிருக்கிறதா, கன்னம் ஒட்டியிருக்கிறதா, மூக்கின் வடிவம் கூர்மையாகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, காது முதுகோடு ஒடுங்கியிருக்கிறதா என்று ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பல்லை நறநறவென்று கடித்தால் மதிப்பெண்ணே வேண்டாம், வலிதான். வாசகியின் வீட்டில் நடந்தது இதுதான்: முயல் அமைதியாக இருக்கிறதே என்று வலி மருந்தை ஒரு வேளையோடு நிறுத்திவிட்டார்கள்.

வலித்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் நின்றுபோகும். நாயோ பூனையோ ஒரு நாள் பட்டினி கிடந்தால் மெலியும், அவ்வளவே. முயலுக்கு அப்படி இல்லை. நான் நெய்வேலி நிலக்கரியின் முதலாம் சுரங்கத்தில் இருந்த காலத்தில் கன்வேயர் பெல்ட்டுகளோடு பழகியவன். வரிசையில் முன்னால் இருக்கும் ஒரு பெல்ட் நின்றால், பின்னால் இருக்கும் பெல்ட்டுகளும் தாமாக நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால் மண் அம்பாரமாகக் குவிந்து எல்லாவற்றையும் புதைத்துவிடும். முயலின் குடலும் இடைவிடாமல் ஓடவேண்டிய பெல்ட்தான். நின்றால் உள்ளே இருக்கும் தீனி நீர் வற்றிக் கெட்டிப்படும், வாயு கூடும், வாயு வலியைக் கூட்டும், வலி பசியை இன்னும் அடக்கும். வாந்தியெடுத்து வெளியே தள்ளவும் வழியில்லை. முயலுக்கு வாந்தி வராது. 12 மணி நேரம் தின்னாத முயலை அவசர நோயாளியாகவே நினைக்கவேண்டும்.

இந்தக் குடலில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. முயல் போடும் புழுக்கை இரண்டு வகை. நாம் பெருக்கித் தள்ளும் உருண்டையான, காய்ந்த புழுக்கை ஒன்று. மற்றது நம் கண்ணில் படுவதே அபூர்வம்: சளிப்படலம் போர்த்த, மெத்தென்ற சிறு மணிகள் ஒட்டிய கொத்து. தரையில் விழுவதற்கு முன்பே முயல் குனிந்து, குதத்திலிருந்தே நேராக எடுத்து, மெல்லாமல் விழுங்கிவிடும். 1882இலேயே மோரோ என்ற பிரெஞ்சுக்காரர் இதை எழுதிவைத்தார். பெருங்குடலில் ஓரிடத்தில் தரம் பிரிக்கும் வேலை நடக்கிறது. பெரிய நார்த்துண்டுகள் முன்னே போய் உலர்ந்த புழுக்கையாகின்றன. நுண்ணிய துகளும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டுப் பெருங்குடல்வாய்க்குள் போகின்றன. நமக்கு விரல் நீளக் குடல்வாலோடு ஒட்டிக் கிடக்கும் அந்தப் பை, முயலுக்கு வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து, பி வைட்டமின்களும் புரதமும் சேர்த்து மெத்தென்ற கொத்தாகத் திருப்பி அனுப்புகின்றன. மாடு அசைபோட்டுச் செய்வதை முயல் இப்படிச் செய்கிறது. அருவருப்பாக இருக்கிறது என்று தட்டிவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்; அது முயலின் சாப்பாட்டைத் தட்டிப் பறிப்பதுதான்.

அறுவைக்குப் பிறகு நாய்க்கு மாட்டுவதுபோல் கழுத்தில் பிளாஸ்டிக் புனலை மாட்டினால் முயலால் குனிந்து அந்தக் கொத்தை எடுக்க முடியாது. தையலைக் கடித்துப் பிய்க்கிற முயலுக்கு வேறு வழியில்லாதபோது மட்டும் அதை மாட்டலாம். தோலுக்கு அடியில் கரையும் நூலால் தைப்பதே மேல். கடிக்க நூல் வெளியே இருக்காது.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைத் துணியோ காகிதமோ விரியுங்கள். முதல் சில மணி நேரம் உடம்பு சில்லிடாமல் கதகதப்பு வேண்டும். அதற்குப் பிறகு, அதுவும் நெய்வேலி அக்னி நட்சத்திரத்தில், வெப்பம்தான் எதிரி. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டைக் கழிக்கும். அருகம்புல், கொத்தமல்லி, வேலிமசால், எது பிடிக்குமோ அதை மூக்கருகே வையுங்கள். தொடாவிட்டால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, முயல் தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். நேராக உள்ளே பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். பின்னங்காலுக்கு ஒரு கை கட்டாயம். பிறகு விரித்த காகிதத்தில் புழுக்கையை எண்ணுங்கள். எண்ணிக்கை கூடினால், உருண்டை பெரிதானால், குடல் ஓடத் தொடங்கிவிட்டது. தையலின் அழகைவிட இது நம்பத்தக்க சாட்சி.

ஒரு சிவப்பைக் கண்டு பயப்படவேண்டாம். சில தழைகளைத் தின்ற முயலின் சிறுநீர் ஆரஞ்சாகவும் செங்கல் நிறமாகவும் மொத்தமாக மாறும், அது நிறமி. தெளிந்த சிறுநீரில் தனியாகத் திட்டுத்திட்டாகச் சிவப்பு இருந்தால் ரத்தம்.

பயப்படவேண்டியது மருந்துக்கடைக்கு. வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் சிரப்பைக் ‘காயம் சீழ் வைக்காமல் இருக்க’ என்று புகட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. வாய்வழியே போகும் பென்சிலின் வகைகள் முயல் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சுக் கிருமிகளுக்கு இடம் விடும். முயல் செத்தே போகலாம். வலி மருந்திலும் நாயின் கணக்கு உதவாது. மெலாக்ஸிகாம் எடைக்கு எடை முயலுக்குக் கூடுதலாகவே தேவைப்படும். அதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இறைச்சிக்கும் ரோமத்துக்கும் முயல் வளர்க்கச் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பண்ணை முயலுக்கு யாரும் கருப்பையை எடுப்பதில்லை. செல்ல முயல் வைத்திருப்பவர்தான் அறுவையைப் பற்றிய அறிவைத் தேடி அலைகிறார். விற்பவரோ கூண்டோடு ஒரு கேரட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அலுத்துப்போனவர்கள் முந்திரித் தோப்பில் கொண்டுபோய் விடுகிறார்கள். தோப்பில் ஓடும் நம்மூர்க் காட்டு முயல் வேறு. வீட்டில் வளர்ப்பது ஐரோப்பிய முயலின் வழிவந்தது. வெள்ளை வெளேரென்ற அதற்கு அங்கே ஓரிரவு தாங்குவதே பெரிது.

முயல் வாங்குமுன் மருத்துவரைத் தேடிக்கொள்ளுங்கள். நெய்வேலிக்காரர்களுக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் 1903இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரி இருக்கிறது. யாரிடம் போனாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அறுவைக்கு முந்தின ராத்திரி முயலைப் பட்டினி போடணுமா, டாக்டர்?” போடவேண்டும் என்றால், வணக்கம் சொல்லிவிட்டு வேறு மருத்துவரைப் பாருங்கள்.