அடிமேல் அடி

நுழையும்முன்

ஓடுவதற்கு மைதானம் இருந்தால் போதும். மனம் இருந்தால் அதுவும் வேண்டா என்பர். ஆயினும் புதிதாக ஓடத் தொடங்குவோருள் பலர் சில வாரங்களிலேயே கால்வலியால் நின்றுவிடுகின்றனர். இதற்குக் காரணம் சோம்பல் அன்று, அறியாமையே. ஓட்டத்தை எவ்வாறு தொடங்குவது, காலணியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு மாணவரின் பாடம்

தாம்பரத்தை அடுத்த பள்ளியொன்றில் பயின்ற மாணவர் ஒருவர் காவலர் பணியில் சேர விரும்பினார். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிகளுக்குள்ளும் ஓடி முடித்தல் வேண்டும். எழுத்துத் தேர்வில் வென்ற அவர், உடற்தகுதித் தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்த நிலையில் ஓடத் தொடங்கினார். அண்ணனின் பழைய காலணி அளவில் பெரிதாக இருந்தது. அதன் முனையில் துணியை அடைத்து அணிந்துகொண்டு, முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடினார். பத்தாம் நாள் முன்கால் எலும்பில் வலி தோன்றியது. அதைப் பொருட்படுத்தாமல் ஓடியதால் தேர்வு நாளன்று அவரால் விரைந்து நடக்கவும் இயலவில்லை. ஓராண்டு உழைப்பு வீணாயிற்று.

அவர் செய்த பிழைகள் இரண்டு: உடல் பழகும் முன் மிகுதியாக ஓடியது, பொருந்தாக் காலணி அணிந்தது.

உடல் பழகும் முறை

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைக் கால் தாங்குகிறது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஆயிரம் அடிகள் தேவை. இச்சுமைக்கு உடலின் உறுப்புகள் அனைத்தும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் வலுப்பெறுகின்றன. எலும்புக்கும் தசைநாணுக்கும் சில மாதங்கள் ஆகும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது என்பதால் கால்களும் ஆயத்தமாகிவிட்டன என்று கருதுவது தவறு. புதியவர்களுக்கு நேரும் காயங்களுள் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறப்பவையே.

எனவே, ஓட்டத்தை நடையோடு கலந்து தொடங்குதல் நன்று. ஐந்து நிமிட விரைவு நடைக்குப் பின், ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என எட்டு முறை செய்யலாம். வாரத்தில் மூன்று நாள்கள் போதும். இடையில் ஒரு நாள் ஓய்வு தேவை. ஓய்வு நாளில்தான் எலும்பும் தசையும் தம்மைச் சீர்செய்துகொள்கின்றன. வாரந்தோறும் ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறைத்துவந்தால், இரண்டு மூன்று மாதங்களில் இருபது நிமிடங்கள் தொடர்ந்து ஓட இயலும். ஓடும்போது அருகிலிருப்பவரோடு ஒரு முழுத் தொடரைத் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரியானது என்று கொள்க. பேச்சுத் தடைபட்டால் வேகத்தைக் குறைக்க.

இடமும் பொழுதும்

வாகன நெரிசல் மிக்க பெருஞ்சாலையின் ஓரம் ஓடுவதற்கு உரிய இடம் அன்று. பள்ளி மைதானம், சிட்லபாக்கம் ஏரிக்கரை போன்ற நடைபாதைகள், வாகனப் போக்குவரத்துக் குறைந்த குடியிருப்புத் தெருக்கள் ஆகியன ஏற்றவை. கடலோர நகராகிய சென்னையில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. அதனால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடல் வெப்பமும் தணிவதில்லை. கோடைக்காலத்தில் கதிரவன் எழும் பொழுதிலேயே ஓடி முடித்தல் வேண்டும். தலைச்சுற்றலோ குளிர் நடுக்கமோ தோன்றினால் உடனே நின்று, நிழலில் அமர்ந்து, நீர் அருந்துக. தனியே ஓடுவதினும் தோழர் இருவர் மூவரோடு ஓடுவது பாதுகாப்பானது.

காலணியைத் தேர்தல்

சங்கநூல்களில் செருப்புக்குத் 'தொடுதோல்' என்றும் 'அடிபுதை அரணம்' என்றும் பெயர்கள் உண்டு. அரணம் என்பது காவல். காவலாக அமைய வேண்டிய காலணி, அளவு பொருந்தாவிடில் காயம் தருவதாகிவிடும். கடைக்குச் செல்லும்போது பின்வருவனவற்றை நினைவிற்கொள்க.

மாலையில் செல்க, பகல் முழுதும் நடந்த பாதம் சற்றே பருத்திருக்கும். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து பார்க்க. இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரிய பாதத்திற்கேற்ற அளவைக் கொள்க. எழுந்து நின்றால் நீண்ட விரலுக்கும் காலணியின் முனைக்கும் இடையே கட்டைவிரல் அகலம் இடைவெளி இருத்தல் வேண்டும். பாதத்தின் அகன்ற பகுதி நெரிபடக் கூடாது. குதிகால் வழுக்கக் கூடாது. கடையிலேயே சிறிது தூரம் மெல்ல ஓடிப் பார்க்க. 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்னும் சொல்லை ஏற்காதீர். ஓட்டக் காலணி முதல் நாளே பொருந்த வேண்டும்.

விலை உயர்ந்தது சிறந்தது என்பதில்லை. அழகும் நிறமும் கால்களைக் காப்பதில்லை. அடிப்பகுதியிலுள்ள நுரை ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் ஓட்டத்திற்குள் தன் நெகிழ்வை இழந்துவிடும். மேற்புறம் புதிதாகத் தோன்றினும், பிறர் ஓடித் தேய்த்த காலணி நம் காலுக்கு ஆகாது.

தெரியுமா?

குரோமிய உப்பால் தோல் பதனிடும் ஆலை அமைந்திருந்ததால் குரோம்பேட்டை அப்பெயர் பெற்றது. அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் இந்தியாவின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதங்கள் மேலைநாட்டினரின் பாதங்களைவிட அகன்றவை எனத் தெரிந்தது. பிறநாட்டு அளவுகளின்படி அமைந்த காலணி பக்கவாட்டில் இறுக்குவதால், பலர் நீளம் மிகுந்த காலணியை வாங்கி இடர்ப்படுகின்றனர். இதற்குத் தீர்வாக, 'பா' என்னும் இந்திய அளவுமுறையை அந்நிறுவனம் பரிந்துரைத்தது. ஆண்களின் பாதம் 15, 16 வயதளவிலும் வளர்வதாக அவ்வாய்வு காட்டுகிறது. கடந்த ஆண்டின் அளவை நம்பி இவ்வாண்டு வாங்கலாகாது.

காலணி இல்லையேல்?

எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960இல் உரோம் ஒலிம்பிக்கில் 42.195 கிலோமீட்டர் நெடுந்தொலை ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். வெறுங்காலோடு பயிற்சி செய்து பழகியிருந்த அவர், பொருந்தாக் காலணியைத் தவிர்த்தார். 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார். வெற்றி காலணியால் வருவதன்று என்பதும், பழகியதையும் பொருந்துவதையுமே கால் ஏற்கும் என்பதும் இதனால் விளங்கும். காலணி வாங்க இயலாதவர், கல்லும் கண்ணாடித் துண்டும் இல்லாத மண் மைதானத்தில் மிகக் குறைந்த தூரத்தோடு வெறுங்காலில் தொடங்கலாம். சூடேறிய தார்ச்சாலையில் அவ்வாறு ஓடலாகாது.

நிறைவாக

நாம் முன்பு கண்ட மாணவர், வலி முழுதும் நீங்கும்வரை ஓய்வெடுத்தார். பிறகு உடற்கல்வி ஆசிரியரின் துணையோடு ஒரு நிமிட ஓட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் தம் பாதத்திற்குப் பொருந்தும் எளிய காலணி ஒன்றை வாங்கினார். அடுத்த தேர்வில் உரிய நேரத்திற்குள் ஓடி முடித்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். ஓட்டத்திலும் அடுத்த அடியை அளந்து வைப்பவரே நெடுந்தூரம் செல்வர்.