மழைக் குளிரில் கதவையும் பூட்டையும் கவனியுங்கள்



"அம்மா, கதவு தொறக்க மாட்டேங்குது!" மழை மாதங்களில் விடியற்காலை நேரம் லயங்களில் அடிக்கடி கேட்கிற சத்தம் இது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே இருந்து ஒருவர் இழுக்கிறார், வெளியே இருந்து ஒருவர் தள்ளுகிறார். கடைசியில் ஒரு உதை. கதவு திறக்கிறது, பிணைச்சல் கழன்று தொங்குகிறது.

சின்ன விசயம்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கதவு இறுகுவதும் மழைக் காலத்தில்தான், மண்சரிவு வருவதும் மழைக் காலத்தில்தான். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தை தோட்டத்தில் நடந்ததை மலையகம் மறக்கவில்லை. "வெளியேறுங்கள்" என்று இராத்திரியில் அறிவித்தால், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கதவு ஒரே இழுப்பில் திறக்க வேண்டாமா?

கதவு ஏன் இறுகுகிறது?

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அப்போது பலகை அகலவாக்கில் பருக்கும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் கதவின் ஓரம் நிலையோடு முட்டுகிறது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை இந்தத் தொல்லை அதிகம். பதுளை, பசறைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை.

என்ன செய்யலாம்?

முதலில் பிணைச்சலைப் பாருங்கள். ஸ்க்ரூ ஆணி தளர்ந்தால் கதவு சரிந்து தரையில் உரசும். ஆணியைக் கழற்றி, துளையில் இரண்டு மூன்று தீக்குச்சியோ மூங்கில் சிம்போ வைத்துத் திரும்ப முடுக்குங்கள். பிடித்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் முட்டினால், கதவின் ஓரத்தில் அடுப்புக்கரியைத் தேய்த்து மூடித் திறங்கள். நிலையில் கரி ஒட்டிய இடம்தான் முட்டுகிற இடம். அங்கே மெழுகுதிரியையோ காய்ந்த சவர்க்காரத்தையோ நன்றாகத் தேயுங்கள்.

மழையிலேயே கதவைச் சீவிவிடாதீர்கள். வெயில் வந்ததும் மரம் சுருங்கும். பிறகு இடுக்கு வழியாகக் குளிர்காற்று வரும், தாழ்ப்பாளும் சரியாக விழாது. ஹட்டன் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ச்சல் காலம். அப்போது கொஞ்சமாகச் சீவி உடனே பெயின்ட் பூசுங்கள். கதவின் அடிவிளிம்பை மறக்க வேண்டாம். தண்ணீரைக் குடிப்பது அந்த விளிம்புதான்.

பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம்

"பூட்டு இறுகுனா கொஞ்சம் தேங்காயெண்ண விடு" என்பார்கள் பெரியவர்கள். கொழும்பு வெயிலில் அது ஓடும். நம்ம குளிரில் ஓடாது. சுமார் 24 பாகைக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கும். காலையில் போத்தலுக்குள் கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பூட்டுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும், தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

அழுக்கேறிய ஆமைப்பூட்டுக்குள் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஆட்டி வடித்து, துடைத்துக் காயவையுங்கள். இதை அடுப்புக்குப் பக்கத்தில் செய்யக் கூடாது. பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். எண்ணெய் இல்லையா? பென்சில் கூரைச் சுரண்டி, அந்தத் தூளைச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்புங்கள். இரண்டையும் சேர்க்க வேண்டாம், கூழாகிவிடும். வெளியே தொங்குகிற பூட்டுக்கு, பழைய டியூப் துண்டு ஒன்றைக் குடை போல மேலே கட்டிவிட்டால் மழை உள்ளே இறங்காது. சாவி திரும்பாவிட்டால் பலவந்தம் பண்ணாதீர்கள். உடைந்தால் பூட்டும் போச்சு, சாவியும் போச்சு.

உயிரைக் காக்கும் நான்கு பழக்கங்கள்

1. பிள்ளைகளையோ வயதானவர்களையோ உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். லயத்தில் கூரை ஒன்று. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அடுத்ததற்கும் பரவும். சின்னப் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விடுங்கள்.

2. இராத்திரியில் உள்ளே தாழ்ப்பாள் போதும். பூட்டுப் போட்டே ஆகவேண்டுமென்றால், சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஆணியில் மாட்டுங்கள். அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

3. கதவுக்குப் பின்னால் விறகு, மூட்டை அடுக்காதீர்கள்.

4. குளிருக்காகக் கதவிடுக்கில் சாக்கு வைக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, தணல் சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

நிலையே இற்றுப்போயிருந்தால் உங்களால் சரிசெய்ய முடியாது. தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீயே கதவத் தொற, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பிள்ளை தனியாகத் திறந்துவிட்டால் உங்கள் கதவு நல்ல கதவு. முடியாவிட்டால் அன்றைக்கே மெழுகுதிரியைக் கையில் எடுங்கள்.