டோப்லிட்ஸ் அணியில் அந்த 2/3 எங்கிருந்து வருது?

சிக்னல் பிராசஸிங்கில் நாங்கள் அடிக்கடி செய்யும் வேலை ஒன்று உண்டு. டோப்லிட்ஸ் அணி வந்தால், ஓரத்தை மடித்துச் சுழல் அணியாக்கி எஃப்.எஃப்.டி. போட்டுவிடுவோம். "அளவு பெருசானா ஓரம் எல்லாம் கணக்கிலேயே வராது" என்பது சாக்கு. உறுப்புகள் மூலைவிட்டத்தை விட்டு விலக விலக வேகமாகத் தேய்ந்தால் இது சரிதான். உறுப்புகள் சமவாய்ப்பு எண்களாக இருந்தால்?

முதலில் விக்னரின் அணி. 1000×1000 சமச்சீர் அணியில் 5,00,500 கட்டங்களில் தனித்தனி எண்கள். சராசரி 0, பரவற்படி 1. √1000-ஆல் வகுத்து ஐகன் மதிப்புகளை வரைந்தால் ஏறக்குறைய அரைவட்டம் வரும். டோப்லிட்ஸில் ஒவ்வொரு மூலைவிட்டம் முழுக்க ஒரே எண். ஆக, மொத்தமே 1000 எண்கள்தான். இதன் படம் அரைவட்டம் இல்லை. பார்த்தால் மணி வடிவம் மாதிரியே இருக்கும். ஆனால் அதுவும் இல்லை!

ஐகன் மதிப்புகளின் நான்காம் அடுக்கின் சராசரியை எடுத்துக்கொள்வோம். அணிப் பெருக்கலை விரித்தால் இது அ→ஆ→இ→ஈ→அ என்று நாலு தாவலில் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பாதைகளை எண்ணுவதுதான். தாவல்கள் ஜோடி சேராத பாதைகள் சராசரியில் அடிபட்டுப் போகும். ஜோடி சேர்க்க மூன்று வழி. பக்கத்துப் பக்கத்துத் தாவல்களைச் சேர்க்கும் இரண்டு வழிகளும் எந்த அணியிலும் ஆளுக்கு 1 தரும். வித்தியாசம் எல்லாம் மூன்றாவதில்: முதல் தாவலோடு மூன்றாவது, இரண்டாவதோடு நாலாவது.

விக்னரில் இதற்கு ஒரே கட்டத்தையே மறுபடி மிதிக்கணும். அப்படிப்பட்ட பாதைகள் மிகக் குறைவு. பங்கு 0, மொத்தம் 2. டோப்லிட்ஸில் தாவலின் நீளம் ஒத்துப்போனால் போதும். 100-இலிருந்து 300 முன்னே, 350 பின்னே, 300 பின்னே, 350 முன்னே: வீடு வந்தாச்சு. ஆனால் நடுவில் நின்ற இடங்களைப் பாருங்க: 400, 50, −250. கடைசி இடம் அணிக்குள்ளேயே இல்லை!

அதாவது ஈ = அ − ஆ + இ. அ, ஆ, இ மூன்றையும் 0-க்கும் 1-க்கும் இடையில் இஷ்டத்துக்கு எடுத்தால், ஈ பூஜ்யத்துக்குக் கீழே போக வாய்ப்பு 1/6 (கனசதுரத்தின் ஓரத்தில் வெட்டிய ஒரு நான்முகியின் கன அளவு). 1-ஐத் தாண்டவும் 1/6. மிச்சம் 2/3. மொத்தம் 8/3.

சமச்சீர் சுழல் அணியில் சுவரே கிடையாது. −250 என்றால் சுற்றி 750-க்கு வந்துவிடும். பங்கு 1, மொத்தம் 3. அது சாட்சாத் இயல்நிலைப் பரவலின் எண், பரவலும் அதுவேதான். ஆக 3-க்கும் 8/3-க்கும் உள்ள இடைவெளி முழுக்க ஓரத்தின் வேலை. அணி எவ்வளவு வளர்ந்தாலும் தாவலும் கூடவே வளர்வதால் சுவர் தூரமாகப் போவதே இல்லை.

இந்தப் பரவல் என்ன என்ற கேள்வியை 1999-இல் பாய் எழுப்பினார். ஹாமண்ட்–மில்லர் ஒருபக்கம், பிரிக்–டெம்போ–ஜியாங் இன்னொருபக்கம், 2005–06 வாக்கில் எல்லைப் பரவல் இருக்கிறது, அதன் வால் இருபுறமும் முடிவில்லாமல் நீள்கிறது என்று நிறுவினார்கள். அதற்கு அடர்த்திச் சார்பு உண்டு என்று அர்னாப் சென்னும் விராக்கும் 2011-இல் காட்டினார்கள். ஆனால் அந்தச் சார்புக்கு மூடிய சூத்திரம் கிடையாது. ஆறாம் அடுக்கு, எட்டாம் அடுக்கு என்று போகப்போக இதே மாதிரி கன அளவுகளின் கூட்டல்தான். எனக்கு இதுவே போதுமான அழகு.

நம்பையில் பத்து வரியில் சோதிக்கலாம். ஒரே ஒரு அணியை நம்பாதீங்க, உள்ளே 1000 எண்களே இருப்பதால் விடை ஆடும். நூறு அணிகளின் சராசரி எடுங்க, 2.67 பக்கம் வந்து நிற்கும்.