பட்டம் தப்பிய பறவை

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் லைப்ரரியில் எதைப் படித்தாலும் அப்பாவிடம் ஒப்பித்துவிடுவேன். போன மாதம் ஒப்பித்தது ரெட் நாட் என்ற பறவையைப் பற்றி. நம்ம ஊர் ஏரிக்கு வரும் உள்ளானுக்குச் சொந்தக்காரன்.

இதில் ஒரு பிரிவு ரஷ்யாவின் வடகோடியில், தைமீர் தீபகற்பத்தில் குஞ்சு பொரிக்கிறது. குளிருக்கு முன்பே கிளம்பி, ஐரோப்பியக் கடற்கரை வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாவுக்கு வந்துவிடும்.

நெதர்லாந்து விஞ்ஞானி யான் வான் கில்ஸும் அவர் குழுவினரும் 33 ஆண்டு செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, 2016-ல் ஆய்வை வெளியிட்டார்கள். தைமீரில் பனி உருகுவது ஆண்டுக்கு அரை நாள் வீதம் முந்திக்கொண்டே வந்திருக்கிறதாம். கணக்குப் போட்டால் இரண்டு வாரத்துக்கு மேல்!

"பனி சீக்கிரம் போனா குஞ்சுக்கு நல்லதுதானேடா?" என்றார் அப்பா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பனி விலகியதும் பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பி, கொஞ்ச நாளில் குறைந்துவிடும். தாய்ப்பறவை அதே அளவுக்கு முந்தி வருவதில்லை. குஞ்சு வாய் திறக்கும்போது விருந்து முடிந்திருக்கும்.

"அப்ப பட்டம் தப்பிப்போச்சுன்னு சொல்லு" என்றார். மானாவாரி நிலத்தில் பாடுபட்டவர். நான் ரெண்டு பக்கம் படித்தது அவருக்கு ஒரே வார்த்தை.

வயிறு நிறையாத குஞ்சு சின்ன உடம்போடும் குட்டை அலகோடும் வளர்கிறது. இந்தப் பறவையின் அலகு 30 முதல் 40 மி.மீ. வரைதான். அதை ஈரமணலில் குத்தி, அழுத்தத்தை வைத்தே உள்ளே சிப்பி இருப்பதை அறிந்துகொள்ளும். பல் கிடையாது; சிப்பியை அப்படியே விழுங்கி இரைப்பையில் நொறுக்கும். (ஒர்க்ஷாப்பில் ஒரு மி.மீ. தப்பியதற்கு என் ஜாபைத் தூக்கிப் போட்டார்கள். அன்று கோபம் வந்தது.) மொரிட்டானியாவில் நல்ல சிப்பி ஆழத்தில் கிடக்கிறது. குட்டை அலகுக்கு எட்டாது. கிணற்றில் தண்ணீர் இருக்கு, கயிறுதான் பத்தலை. கடற்புல்லின் வேரைத் தின்று காலம் தள்ளுகிறது. அப்படிப்பட்ட இளம்பறவைகளில் பல முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை.

"அந்த ஊர்க்காரன் கரையைக் கெடுத்துட்டானா?" என்று கேட்டார் அப்பா.

இல்லை. அவை தங்கும் பாங்க் தார்கின் 1976 முதல் தேசியப் பூங்கா. 1989-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. கரை கரையாகத்தான் இருக்கிறது, சிப்பியும் இருக்கிறது. குறை நேர்ந்தது பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அது கூட்டில் கிடந்த நாளில்.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த வருஷமாச்சும் முன்னாடி கிளம்புமா?" என்றார்.