கயிற்றால் கோத்த வள்ளம்

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைப் பற்றித் தறிக்காரர்கள் பெருமையாகச் சொல்வது ஒன்று உண்டு: சேலை நைந்து கிழிந்தாலும் உடலும் கரையும் சேர்ந்த இடம் விடாது. அந்தத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். ஆலப்புழையில் பழுதுபார்க்கக் கரையேற்றியிருந்த ஒரு படகின் வயிற்றுக்குள் குனிந்து பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கோர்வைதான். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் ஓர் ஆணிகூட இல்லை. தென்னங்கயிறு பெருக்கல் குறி பெருக்கல் குறியாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடியிருந்தது. தொட்டால் இரும்புபோல் விறைப்பு. விரலில் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு.

இதுதான் கெட்டுவள்ளம். மலையாளக் ‘கெட்டு’ நம் ‘கட்டு’தான். நம் கடற்கரையின் கட்டுமரத்துக்கு இது ஒருவகையில் உடன்பிறப்பு.

இன்று இதன் மேல் அறையும் சமையல்கட்டும் வைத்து, காயலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகிறார்கள். முன்பு இது சரக்குப் படகு. குட்டநாட்டு நெல்லையும் மலைச் சரக்கையும் கொச்சிக்குக் கொண்டுபோனது. பெரிய வள்ளம் 30 டன் வரை தாங்கும். கழி ஊன்றித் தள்ளுவார்கள், காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். சாலையும் லாரியும் வந்ததும் வேலை போயிற்று. 1990களில் சுற்றுலா இதற்கு மறுபிறப்புக் கொடுத்தது.

செய்முறைதான் எனக்கு அதிசயம். பலகை ஆஞ்சிலி மரம். குமரி மாவட்டத்தில் அயனி என்பார்கள். பலாவின் இனம், மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரம். பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இரு விளிம்பிலும் வரிசையாகத் துளை போடுகிறார்கள். சேரும் இடத்தின் மேல் தேங்காய் நாரைத் திரித்து வைத்து, அதன் மேலாகக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துத் தைக்கிறார்கள். படகுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். உள்ளிருப்பவர் கயிற்றை நீட்ட, வெளியே இருப்பவர் வாங்கி, மறு துளையில் திருப்பிக் கொடுக்கிறார். கோர்வைத் தறியிலும் ஒருவர் கை போதாது. அந்தப் பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் உட்கார வேண்டும். தைத்து முடித்ததும் துளைகளை நாரால் அடைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுகிறார்கள். முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம். தைக்கும் தொழில் அதைவிட எவ்வளவோ பழையது.

ஆணி ஏன் வேண்டாம்? உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும். துரு ஆணியைச் சுற்றியுள்ள மரத்தையும் தின்னும். தென்னை நாரில் லிக்னின் என்ற பொருள் அதிகம்; அதனால்தான் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயலில் ஊறப்போட்டாலும் சதை அழுகிப் போய் நார் மட்டும் மிஞ்சுகிறது. அப்படி ஊறியே பிறந்த நாருக்குத் தண்ணீர் பகை இல்லை. தண்ணீர் பட்டதும் பலகைகள் சேரும் இடத்தில் வைத்த நார் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. ஆணி அடித்த படகு அலையிலோ மணல் திட்டிலோ மோதினால் அதிர்ச்சி முழுக்க ஆணியில் இறங்கும். தைத்த படகு கொஞ்சம் வளைந்து கொடுத்து, அதிர்ச்சியைத் தையல் முழுவதற்கும் பங்கு போட்டுவிடும். சென்னையில் துறைமுகம் கட்டுமுன் கப்பலில் வந்தவர்களை அலைகடந்து கரை சேர்த்த மசூலாப் படகுகளும் இப்படித் தைத்தவைதான்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய ‘எரித்திரியக் கடல் செலவு’ என்ற கிரேக்க நூலே தைத்த படகுகளைக் குறிப்பிடுகிறது. 2025 மே மாதம் இந்தியக் கடற்படை கார்வாரில் சேர்த்துக்கொண்ட ‘கௌண்டின்யா’ என்ற பாய்மரக் கப்பல், அஜந்தா ஓவியம் ஒன்றைப் பார்த்துத் தைத்தது. தைத்தவர்கள் கேரளத் தச்சர்கள்.

வள்ளத்தில் ஏறினால் தெரிவது வேறு உலகம். வேம்பநாட்டுக் காயலின் நீளம் சுமார் 96 கி.மீ. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் எல்லாம் மலைக்காட்டு மழையைச் சுமந்து வந்து இதில் சேர்கின்றன. ஆக, மழைக்காட்டு மரத்தில் செய்த படகு மழைக்காட்டுத் தண்ணீரில் மிதக்கிறது. இரண்டு பக்கமும் வயல் தண்ணீரைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் ஊர் குட்டநாடு. படகின் அடி தட்டையாக இருப்பதால்தான் ஆழமில்லாத வாய்க்கால்களிலும் அது நுழைய முடிகிறது. மாலை ஐந்தரை வாக்கில் இன்ஜினை நிறுத்திக் கரையில் கட்டிவிடுகிறார்கள். இரவு காயல் வலை வீசுகிறவர்களுக்கு உரியது.

எனக்கு ஒரு கவலை உண்டு. படகுகள் பெருகப் பெருக டீசலும் கழிப்பறைக் கழிவும் காயலுக்குச் சுமை. முன்பதிவு செய்யும்போது கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அடிப்பாகம் தைத்ததா என்றும் கேளுங்கள். இரும்பிலும் ஃபைபரிலும் அடி வைத்து மேலே மூங்கில் பாய் வேய்ந்த படகுகளும் வந்துவிட்டன. தைத்ததுதான் என்றால், கிளம்புமுன் உள்பக்கத் தையலைக் காட்டச் சொல்லி ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.