சுவருக்குப் படம் வாங்கும் முன் பரணைப் பாருங்கள்!

புது வீட்டுக்குக் குடிபோகிறோம். பெயின்ட், கப்போர்டு, திரைச்சீலை என எல்லா வேலையும் முடிந்த பிறகு மிச்சமிருப்பது ஹாலின் காலிச் சுவர். ‘சோபா நீலம், அதனால படத்துலயும் கொஞ்சம் நீலம் இருக்கட்டும்’ என்று ஆன்லைனில் தேடுகிறோம். ஓடும் ஏழு குதிரைகளோ, கண் மூடிய புத்தர் முகமோ, மூன்று துண்டாக வரும் கேன்வாஸ் அச்சோ வந்து சேர்கிறது. பழைய வீட்டுச் சுவரிலிருந்து இறக்கிய தாத்தா – பாட்டி படம் செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போகிறது.

இதில் என்ன நஷ்டம்? கடையில் வாங்கிய படம் கெட்டுப்போனால் அதே படத்தை மறுபடியும் வாங்கலாம். ஆனால், பல குடும்பங்களில் பாட்டியின் படம் என்று இருப்பதே ஒன்றுதான். நெகட்டிவ் கிடையாது, எடுத்த ஸ்டூடியோவும் எப்போதோ மூடியாகிவிட்டது. பரணின் வெக்கையிலும் மழைக்கால ஈரத்திலும் அது அழிந்தால் அவ்வளவுதான். அதனால், சுவரை அலங்கரிப்பதையும் குடும்பத்தின் பொருள்களைக் காப்பாற்றுவதையும் ஒரே வேலையாகச் செய்துவிடலாம்.

முன்பு நம் சுவரில் என்ன இருந்தது?

ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சுகளாகச் சாதாரண வீடுகளுக்கும் வந்தார்கள். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசியில் அச்சான காலண்டர்கள் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவின. ஆண்டு முடிந்ததும் தேதித் தாள் குப்பைக்குப் போகும். படம் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிவிடும்.

சில வீடுகளில் அதோடு விடவில்லை. படத்திலுள்ள தெய்வத்தின் சேலைமீது ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்தார்கள், ஒட்டினார்கள். அச்சிட்ட படம் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். ஜரிகை வைத்த பிறகு அது அந்த வீட்டுப் படம் ஆனது. ‘நம்ம வீட்டுக்கு மட்டும்’ என்ற இந்த எண்ணம்தான் இன்றைய ரெடிமேட் சுவர் அலங்காரத்தில் காணாமல்போகிறது.

எதையெல்லாம் மாட்டலாம்?

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். விருந்தாளி ஒருவர் ‘இது என்ன?’ என்று கேட்டால், வீட்டிலுள்ள யாராவது ஒருவரால் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியுமா? முடியும் என்றால், அது சுவருக்குத் தகுதியானது.

புகைப்படம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மார்கழிக் கோலங்களை அம்மா புள்ளி வைத்து வரைந்து வைத்த நோட்டின் ஒரு பக்கம், தாத்தா கைப்பட எழுதிய இன்லேண்டு கடிதம், பழைய கல்யாணப் பத்திரிகை, பள்ளி நாட்களில் அத்தை போட்ட எம்ப்ராய்டரி துணி, கிழிந்துபோன கூறைப் புடவையின் முந்தானைத் துண்டு, குழந்தை முதன்முதலில் வரைந்த ‘அப்பா’ படம் என எல்லாமே சட்டத்துக்குள் அழகாக இருக்கும். சிறிய பொருளாக இருந்தால் சுற்றிலும் அகலமான வெள்ளை இடம் விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். பார்வை நேராக நடுவுக்குப் போகும்.

யார் வீட்டுப் படம்?

பல வீடுகளில் ஹாலில் இருப்பது கணவரின் அப்பா, அம்மா படம் மட்டும்தான். மனைவியின் பெற்றோர் படம் அவருடைய பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கும். யாரும் கூடாது என்று சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. சுவரைத் திட்டமிடும்போதே ‘உங்க பக்கத்துல யார் படம் வேணும்?’ என்று கேட்டுவிடுவது நல்லது. இரண்டு பக்கத்துப் படங்களையும் ஒரே அளவுச் சட்டத்தில், ஒரே வரிசையில் மாட்டினால், பேரப் பிள்ளைகளுக்கு நாலு தாத்தா பாட்டியும் தெரிவார்கள்.

இறந்தவர்களின் படம் ஹாலில் இருக்கலாமா, எந்தத் திசைச் சுவரில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. தயக்கம் இருந்தால் ஒரு வழி உண்டு. மாலை போட்ட படத்துக்குப் பதிலாக, அவர் சைக்கிள் மிதித்த படத்தையோ பேரனைத் தூக்கி வைத்திருந்த படத்தையோ தேர்ந்தெடுக்கலாம்.

மாட்டும் முன் காப்பாற்றுவது எப்படி?

முதல் விதி: அசல் பெட்டியில், நகல் சுவரில். வெளிச்சம் பட்டால் எந்தப் புகைப்படமும் மெல்ல மங்கும், அதிலும் பழைய கலர் போட்டோக்கள் சீக்கிரம் மங்கும். அதனால், நல்ல ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து, அதிலிருந்து பிரின்ட் எடுத்து மாட்டுங்கள்.

* பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

* ‘லேமினேட் பண்ணிட்டா பத்திரம்’ என்று பலரும் நினைக்கிறார்கள். சூடும் பசையும் சேர்ந்து ஒட்டியதை மறுபடி பிரிக்க முடியாது. நகலுக்கு மட்டும் செய்யலாம்.

* சட்டம் போடும் கடையில், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடும் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண அட்டை நாளடைவில் படத்தைப் பழுப்பாக்கும். செலோடேப், ஃபெவிகால் இரண்டும் அசல் படத்தில் படவே கூடாது.

* ஈரமான பூமாலையைச் சட்டத்தின்மேல் போட்டால், நீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். மாலை போடும் படத்திலும் நகல் இருப்பதே நல்லது.

* அசலைப் பரணில் வைக்காதீர்கள். காகித உறையில் போட்டு, காற்றோட்டமான அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். ராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள்.

எங்கே, எவ்வளவு உயரத்தில்?

நேரடி வெயில் விழும் சுவரும், மழைக்காலத்தில் ஓதம் காக்கும் சுவரும் வேண்டாம். குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்த்துவிடலாம்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக வரும். நம் வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே மாட்டும் பழக்கம் உண்டு. அங்கே இருக்கும் முகங்கள் குழந்தைகளுக்குத் தெரிவதே இல்லை. சோபாவுக்கு மேலே மாட்டுவதாக இருந்தால், சாய்மானத்திலிருந்து 6 முதல் 8 அங்குலம் இடைவெளி போதும்.

பல படங்களைச் சேர்த்து மாட்டும்போது, அதே அளவில் செய்தித்தாளை வெட்டி முதலில் சுவரில் ஒட்டிப் பாருங்கள். திருப்தியான பிறகு துளை போடலாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையிடாதீர்கள், உள்ளே ஒயர் போகும்.

‘ஆணி அடிக்கக் கூடாதுனு ஹவுஸ் ஓனர் சொல்லிட்டார்’ என்பவர்கள், ஷோகேஸ் அல்லது அலமாரி மேல் படங்களைச் சாய்த்து வைக்கலாம். ஒட்டும் கொக்கிகள் இலேசான படங்களுக்கு மட்டும்தான். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவராக இருந்தால் பூச்சோடு பெயர்ந்து விழும்.

புதிதாக வாங்குவதென்றால்?

வாங்கும் படத்துக்கும் ஒரு கதை இருக்கட்டும். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சிகளில் வரைந்தவரையே பார்த்துப் பேசலாம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அங்கும் போய்ப் பார்க்கலாம்.

தஞ்சாவூர் ஓவியம் என்றால், ஒட்டியிருப்பது உண்மையான தங்கத் தாளா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். போலித் தாள் சில ஆண்டுகளில் கறுத்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை

ஒவ்வொரு சட்டத்தின் பின்பக்கமும் ஒரு தாளில் படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், ஆண்டு, யார் எடுத்தது என்று எழுதி ஒட்டுங்கள். குரூப் போட்டோ என்றால் இடமிருந்து வலமாக எழுதுங்கள். பாதிப் பெயர்கள் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டிலேயே மூத்தவரிடம் படத்தை எடுத்துப் போய்க் கேளுங்கள், அவர் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சட்டம் போடுவதை அடுத்த மாதம்கூட வைத்துக்கொள்ளலாம். இதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.